பேப்பரில் வந்த பெயர்

சோமனூர்
9.1.1994

அன்புத் தங்கை புவனாவுக்கு,

அண்ணன் மோகன்குமார் ஆசி சொல்லி எழுதுவது. இங்கே அம்மா, உன் அண்ணி, நான் எல்லோரும் சுகம். குளிருக்கு அம்மாவின் முழங்கால் வலி மட்டும் கொஞ்சம் கூடியிருக்கிறது. பிலாயில் குளிர் கடுமை என்று பேப்பரில் பார்த்தேன். பாப்பாவுக்குக் காதை மூடித் துணி கட்டிவிடு. இரும்பாலையில் மாப்பிள்ளைக்கு ஷிப்டு மாறிவிட்டதா?

ஒரு சந்தோஷச் செய்தி. நம் கதிரண்ணன், தேன்குரல் கதிர்நாதன், அடுத்த மாதம் உங்கள் ஊருக்கே வருகிறார்! தமிழ்ச் சங்கத்தில் முருகன் பாட்டுக் கச்சேரி. போன வாரம் அவருடைய ரசிகர் மன்றச் செயலாளர் என்ற முறையில் கோவையில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். "உங்க தங்கச்சி அங்கதானுங்களே இருக்குது? மூணு வருஷம் நம்ம குழுவுல பாடுன பொண்ணாச்சே, மறக்க முடியுங்களா?" என்றார். எத்தனை ஆயிரம் பேரைப் பார்க்கிற மனுஷன்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. கச்சேரிக்கு மறுநாள் மதியம் உன் வீட்டில்தான் சாப்பாடு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அவருக்குக் காரம் ஆகாது, நினைவில் வை.

இன்னொன்று. நம் தறி ஓட்டுகிற லட்சுமிநாராயணனின் மகள் வரலட்சுமியை உனக்கு ஞாபகம் இருக்கும். நீ கல்யாணமாகிப் போகும்போது சின்னப் பிள்ளை. இப்போது பத்தொன்பது வயது, நல்ல சாரீரம். நான்தான் சிபாரிசு செய்து கதிரண்ணன் குழுவில் சேர்த்துவிட்டேன். நீ விட்ட இடத்தில் நம் ஊர்ப் பிள்ளையே நிற்கட்டும். பாப்பாவையும் பாட்டு வகுப்பில் சேர்த்துவிடு கண்ணு. நீதான் பாட்டை ஏனென்று தெரியாமல் விட்டுவிட்டாய்.

அம்மா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

உன் அண்ணன்
மோகன்குமார்

*

பிலாய்
22.1.1994

அன்புள்ள அண்ணனுக்கு,

புவனா வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் கடிதம் வந்தது. அம்மாவுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள். நாங்கள் நலம் என்று எழுத ஆசைதான். ஆனால் பாப்பாவுக்கு அம்மை போட்டிருக்கிறது. வீட்டுக்கு யாரையும் கூப்பிடும் நிலையில் நான் இல்லை. நீங்களே அவருக்குச் சொல்லிவிடுங்கள். கச்சேரிக்கும் போக முடியாது.

வரலட்சுமியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கோவைக்கு ஒத்திகைக்குப் போகும்போது அவள் அம்மா பங்காரம்மாவும் கூடப் போவது நல்லது. ஒத்திகை முடிந்ததும் மாடியில் நிற்காமல் மற்றவர்களோடு கீழே இறங்கிவிடச் சொல்லுங்கள். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் சின்னப் பெண்ணுக்குச் சிரமம், அதனால்தான் சொல்கிறேன். மறக்காமல் சொல்லுங்கள் அண்ணா.

பாப்பாவுக்குப் பாட்டில் நாட்டமில்லை.

அண்ணிக்கு என் அன்பு.

தங்கை
புவனா

*

சோமனூர்
25.2.1994

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கு சுகம். பாப்பாவுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியாகிவிட்டதா? அம்மா மாரியம்மனுக்குக் காசு முடிந்து வைத்திருக்கிறாள்.

கதிரண்ணன் பிலாயிலிருந்து திரும்பிவிட்டார். உன் மேல் எனக்குச் சற்று வருத்தம்தான். அவருக்குக் கோபமே இல்லை. "கூட்டத்துல உங்க தங்கச்சி மொகம் தெரியுதான்னு பாத்துக்கிட்டே பாடுனனுங்க" என்று சிரித்தார். பெரிய மனசு. ஒரு நடை எட்டிப் பார்த்திருந்தால் உனக்கு என்ன குறைந்துவிடும்?

வரலட்சுமி விஷயத்தில் நீ சொன்னதை லட்சுமிநாராயணனிடம் சொன்னேன். "என்ற சம்சாரம் கூடப் போயிட்டா அந்த ரெண்டு தறியை ஆருங்க ஓட்டறது?" என்றான். நியாயம்தானே? அதுவும் அவர் வீட்டுக்குப் போவதற்குத் துணை எதற்கு? கோவிலுக்குப் போகிற மாதிரி.

சுகத்துக்கு எழுது.

அண்ணன்
மோகன்குமார்

*

சோமனூர்
18.4.1994

அன்புள்ள புவனாவுக்கு,

அண்ணன் எழுதுவது. வீட்டில் யாவரும் சுகம், மனதுக்குத்தான் சுகமில்லை. உன்னிடமிருந்து கடிதம் வந்து மூன்று மாதம் ஆகப்போகிறது. அங்கே எல்லோரும் சுகம்தானே?

இங்கே நடக்கிற அநியாயத்தை எப்படி எழுதுவேன். அந்த வரலட்சுமி, நான் கைப்பிடித்துச் சேர்த்துவிட்டவள், கோவை மகளிர் காவல் நிலையத்தில் கதிரண்ணன் மேல் புகார் கொடுத்திருக்கிறாள். ஒத்திகை முடிந்ததும் தன்னை மட்டும் மாடியில் நிறுத்திக் கதவைத் தாழிட்டுக் கெடுத்துவிட்டாராம். எழுதவே கை கூசுகிறது. மறுநாள் எல்லாப் பேப்பரிலும் வந்துவிட்டது.

ஊரே கொதித்துப்போனது. மன்றத் தலைவர் வெங்கடபதி ஐயா, அவர் மில்லிலிருந்துதானே நமக்கு நூல் வருகிறது, தன் செலவில் சுவரொட்டி அடித்தார். கடைவீதியில் கண்டனக் கூட்டம். பெண்கள்தான் அதிகம். நானும் பேசினேன். "கீழே இத்தனை பேர் இருக்கிற ஊட்டுல கத்துனா ஒருத்தருக்குக் கேக்காதுங்களா? காசு பத்தாம வந்த புகாருங்க இது!" என்றேன். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. கூட்டம் முடிந்து போகும்போது சில பெண்கள் அவள் வீட்டு வாசலில் சாணியைக் கரைத்து ஊற்றினார்கள். நான் தடுக்கவில்லை. லட்சுமிநாராயணனை மறுநாளே தறியை விட்டு நிறுத்திப்போட்டேன்.

இப்போது உன்னால் ஓர் உதவி ஆக வேண்டும். குழுவில் முன்பு பாடிய பெண்கள் எல்லோரும் சேர்ந்து பேப்பரில் ஓர் அறிக்கை வெளியிடுகிறார்கள். 'எங்களைத் தங்கைகளாகவே நடத்தினார்' என்று. நீயும் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு. உன் வார்த்தைக்கு மதிப்பு அதிகம்.

பதிலை எதிர்பார்க்கும் அண்ணன்
மோகன்குமார்

*

பிலாய்
2.5.1994

அண்ணனுக்கு,

புவனா எழுதுவது. நாங்கள் மூவரும் இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

வரலட்சுமி எப்படி இருக்கிறாள்? சாப்பிடுகிறாளா? வெளியே வருகிறாளா? அவள் அம்மா அவளோடுதான் படுத்துக்கொள்கிறாளா? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

நீங்கள் கேட்டதை என்னால் எழுத முடியாது.

புவனா

*

சோமனூர்
20.5.1994

அன்புத் தங்கை புவனாவுக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கு சுகம். வெயில்தான் தாங்கவில்லை. உன் கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறாய் என்றே புரியவில்லை. ஒரு பொய்க்காரி சாப்பிட்டாளா என்று பார்ப்பதா என் வேலை?

எழுத வராது என்றால் பரவாயில்லை. நீ சின்னதிலிருந்தே கூச்ச சுபாவம். உன் பதிலுக்குக் காத்திருந்தால் நாள் தவறிவிடும் என்று நானே உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். வெங்கடபதி ஐயா கையெழுத்துக் கேட்டார். 'ஏனுங்க, அண்ணன் நானிருக்கறப்ப என்னுங்க' என்று அதையும் நானே போட்டுக் கொடுத்தேன். பேப்பர்த் துண்டை இதோடு வைத்திருக்கிறேன். மேலிருந்து மூன்றாவதாக உன் பெயர். 'திருமதி புவனேஸ்வரி, பிலாய்.' கதிரண்ணன் டெலிபோனில் என்னைக் கூப்பிட்டு, "உங்க தங்கச்சி பேரைப் பாத்ததுக்கப்பறந்தானுங்க எனக்கு உசிரே வந்துச்சு" என்றார்.

மாப்பிள்ளையிடம் காட்டு. பெருமைப்படுவார்.

உன் அண்ணன்
மோகன்குமார்

*

சோமனூர்
5.6.1994

கண்ணு புவனாவுக்கு,

அம்மா சுப்பாத்தாள் சொல்லப் பக்கத்து ஊட்டு தாஜுன்னிசா எழுதறது. நான் நல்லா இருக்கறேன் அம்மணி. நீ, மாப்பிள்ளை, பாப்பா எல்லாம் நல்லா இருக்கோணும். உங்கொண்ணன் ஊட்டுல இல்லாதப்ப இதைச் சொல்லி எழுதச் சொல்றேன்.

உங்கொண்ணன் உன்ற பேரைப் பேப்பர்ல போட்டுப்போட்டான். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. கேட்டிருந்தா நான் என்னன்னு சொல்றது? நீ அதைப் பாத்துட்டு என்ன பண்றயோன்னு எனக்கு அதே ரோசனை. ரெண்டு நாளாச் சோறு எறங்கலை.

கண்ணு, அன்னைக்கு நீ கோயமுத்தூர்ல இருந்து வந்து என்ற மடியில படுத்துட்டுச் சொன்னதுக்கு நான் என்ன சொன்னனோ, இன்னைக்கும் அதையேதான் சொல்றேன். எழுதற பிள்ளை பக்கத்துல இருக்கறதுனால பிரிச்சுச் சொல்ல முடியாது. உனக்குப் புரியும். நல்ல மனுசன் கெடச்சிருக்கறாரு. கையில ஒரு பொம்பளைப் பிள்ளை இருக்குது. அதை நெனச்சுப் பாரு. பேரு வந்தது வந்துட்டுப் போகுது. நீ வாயைத் தொறக்காதே சாமி.

இப்படிக்கு
அம்மா

அக்கா, இதை எழுதும் தாஜுன்னிசாவாகிய நான் உங்கள் அம்மாவுக்குத் தெரியாமல் கீழே சில வரிகள் சேர்க்கிறேன். மன்னியுங்கள். வரலட்சுமி பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவள். நேற்று அவளைப் பார்க்கப் போனேன். யாரும் போவதில்லை, தண்ணீர்க் குழாயில்கூட அவள் அம்மா குடத்தை மற்றவர்கள் தள்ளி வைக்கிறார்கள். இத்தனைக்கும் அவள் ஒருநாள்கூட அழுது நான் பார்த்ததில்லை. அந்தப் பேப்பரைக் காட்டினாள். உங்கள் பெயர் மேல் விரலை வைத்து, "புவனா அக்காவுமா?" என்றாள். அப்போதுதான் அழுதாள். "புகாரைத் திரும்ப வாங்கிக்கிறேன் தாஜு, அவங்களே சொல்லிட்டாங்க, இனி என்னைய ஆரு நம்புவா?" என்கிறாள். உங்களுக்குத் தெரிந்தால் நல்லது என்று தோன்றியது.

*

பிலாய்
16.6.1994

அன்புத் தங்கை வரலட்சுமிக்கு,

புவனா எழுதுவது. உனக்கு இப்போது என்ன உடல்நிலை, எப்படித் தூங்குகிறாய் என்று நான் கேட்கப்போவதில்லை. எனக்குத் தெரியும்.

அந்தப் பேப்பரில் இருக்கும் பெயர் நான் கொடுத்ததல்ல. அந்தக் கையெழுத்தும் என்னுடையதல்ல. புகாரைத் திரும்ப வாங்காதே. நீ சொன்னது அத்தனையும் உண்மை என்று எனக்குத் தெரியும். அந்த மாடி அறையின் தாழ்ப்பாள் மேலே, கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கும். அவர் எட்டிப் போடுவார்.

நான் வருகிறேன். ஆய்வாளருக்கும் ரிஜிஸ்டர் தபாலில் எழுதிவிட்டேன். நான் வரும்வரை சாப்பிடு.

உன் அக்கா
புவனா

*

பிலாய்
16.6.1994

அண்ணனுக்கு,

புவனா வணக்கத்துடன் எழுதுவது. அம்மா, அண்ணி, நீங்கள் நலமாக இருக்க வேண்டும். இதை நீங்கள் தனியாக இருக்கும்போது படியுங்கள்.

வரலட்சுமிக்கு நடந்தது ஏழு வருஷத்துக்கு முன்னால் எனக்கு நடந்தது. அதே வீடு, அதே மாடி. பல்லவி சரியாக வரவில்லை, நீ மட்டும் இரு என்றார். மற்றவர்கள் இறங்கிப் போனார்கள். கதவைத் தாழிட்டார். கத்தினால் கேட்காதா என்று மேடையில் கேட்டதாக எழுதினீர்கள். நான் கத்தினேன் அண்ணா. கீழே டேப்பில் அவர் பாட்டைச் சத்தமாக வைத்திருந்தார்கள். முருகா முருகா என்று அவர் குரல் கீழேயிருந்து வந்தது. அவர் பக்கத்தில் இருந்தார்.

அதற்குப் பிறகு அந்தக் குரல் இல்லாத இடம் எனக்கு இல்லை. விடியற்காலையில் கோவில் ரேடியோ செட்டில், பல்லடம் பஸ்ஸில், என் கல்யாணப் பந்தலில். தாலி கட்டும்போதும் அவர் பாட்டைத்தான் போட்டீர்கள். பிலாய் மாப்பிள்ளை வந்தபோது, இத்தனை தூரமா என்று எல்லோரும் அழுதீர்கள். தூரம் என்பதால்தான் நான் தலையாட்டினேன். இங்கேயும் அவர் வந்த அன்று விளக்கை அணைத்துவிட்டுப் பாப்பாவோடு உள்ளே உட்கார்ந்திருந்தேன். பாப்பாவுக்கு அம்மை போடவில்லை.

என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன்.  நான் பெட்டியில் துணி எடுத்து வைத்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "லீவு எழுதிக் குடுத்துட்டேன். மூணு டிக்கெட் எடுத்தாச்சு" என்றார். அவ்வளவுதான். 

ஜூலையில் வருகிறோம். போத்தனூரில் என் வீட்டுக்காரரின் அக்கா வீட்டில் தங்குவோம். சோமனூருக்கு வரமாட்டேன். உங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். என் பெயரை எடுத்துவிடுங்கள்.

புவனா

*

பிலாய்
10.8.1994

அண்ணனுக்கு,

புவனா எழுதுவது. நாங்கள் நல்லபடியாக வந்து சேர்ந்தோம். போத்தனூரில் இருந்தவரை நீங்கள் வருவீர்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. ரயில் ஏறும்போதும் பார்த்தேன்.

காவல் நிலையத்தில் எல்லாம் சொன்னேன். வரலட்சுமி பக்கத்தில் இருந்தாள், என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு. ஆய்வாளர் அம்மா, "ஏழு வருஷமா யாருகிட்டயுமே சொல்லலையாம்மா?" என்று கேட்டார். "எங்கம்மாகிட்டச் சொன்னனுங்க" என்றேன். சொன்ன பிறகுதான் அம்மாவை இதில் இழுத்துவிட்டோமே என்று உறைத்தது. அம்மாவை விசாரிக்க வீட்டுக்கு வருவார்கள். அவளை யாரும் மிரட்ட வேண்டாம். தெரியாது என்று அம்மா சொன்னாலும் எனக்குக் கோபமில்லை என்று சொல்லுங்கள்.

புவனா

*

சோமனூர்
4.12.1994

புவனாவுக்கு,

அண்ணன் மோகன்குமார் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் சுகமாக இருக்க வேண்டும். உன் கடிதங்கள் வந்தன. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். ஜூலையில் போத்தனூர் ஸ்டேஷன் வரை வந்தேன். நீ பெட்டியில் ஏறுவதைத் தூரத்திலிருந்து பார்த்தேன். கிட்டே வராமலே திரும்பிவிட்டேன்.

ஆகஸ்டு கடைசியில் அம்மாவை விசாரிக்க வந்தார்கள். நான் முந்திக்கொண்டு, "அம்மாவுக்கு வயசாயிருச்சுங்க, ஒண்ணும் தெரியாதுங்க" என்றேன். அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தெரியுமுங்க. அன்னைக்கே எங்கிட்டச் சொல்லிப்போட்டா. வெளிய தெரிஞ்சா உன்னைய ஆரு கட்டுவான்னு நான்தானுங்க அவ வாயை மூடுனேன். அப்படியே எழுதிக்கோங்க" என்றாள். கைநாட்டும் வைத்தாள்.

அவர்கள் போன பிறகு, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்லியிருந்தா நீ ஆரை நம்பியிருப்பே?" என்றாள். 

அதன் பிறகுதான் நானும் நிலையத்துக்குப் போய், அந்தக் கையெழுத்து என் கை போட்டது என்று எழுதிக் கொடுத்தேன். வெங்கடபதி ஐயா மறுநாளே நூலை நிறுத்திவிட்டார். தறி பாதி நிற்கிறது. லட்சுமிநாராயணனைத் திரும்ப வரச் சொல்லிக் கூப்பிட்டேன். "வேண்டாமுங்க" என்று அந்த ஒரு வார்த்தைதான் சொன்னான். குடும்பத்தோடு திருப்பூர் போய்விட்டார்கள். வரலட்சுமி அங்கே பனியன் கம்பெனிக்குப் போகிறாளாம். புகாரைத் திரும்ப வாங்கவில்லை.

அவரைக் கைது செய்தார்கள், நாலு நாளில் ஜாமீனில் விட்டார்கள். ஜெயில் வாசலில் ஆளுயர மாலை, வெடி. கார்த்திகை தீபத்துக்கு இங்கேயே வந்து பாடினார். முன்னைவிடக் கூட்டம். நம் வீட்டுப் பக்கம் பார்த்து ஒரு ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிவிட்டார்கள். ராத்திரி முழுக்க அந்தக் குரல். அம்மா முழித்தே உட்கார்ந்திருந்தாள். நானும்தான். இப்படி ஏழு வருஷம் நீ எப்படி இருந்தாய்?

டீக்கடையில் என்னைப் பார்க்காமல் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். "பிலாய்க்காரிக்குக் காசு பத்தலையாட்டம் இருக்குது" என்றான் ஒருத்தன். "அத்தனை பேரு இருக்கற ஊட்டுல கத்துனா கேக்காதா?" என்றான் இன்னொருத்தன். இரண்டும் நான் மேடையில் பேசியவை. சண்டைக்குப் போக வாயைத் திறந்தேன்.  டீயை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வழக்கு அடுத்த வருஷம் கோர்ட்டுக்கு வரும் என்கிறார்கள். என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை.

இன்று காலையில் பல்லடத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பாவாத்தாள் என்று பெயர். உனக்கும் முன்னால் குழுவில் பாடியவளாம். வீட்டுக்காரர் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார், அவர்தான் இவள் பெயரை அறிக்கைக்குக் கொடுத்திருக்கிறார். நான் கையெழுத்தைப் பற்றிச் சொன்ன பிறகு போலீஸ் ஒவ்வொரு பெண்ணாகப் போய்க் கேட்டிருக்கிறார்கள். இவள் அவர்களிடம், தான் விருப்பப்பட்டுத்தான் போட்டதாகச் சொல்லி அனுப்பிவிட்டாளாம். உட்காரச் சொன்னோம். உன் அண்ணி கொடுத்த காப்பியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை. ஆடை கட்டிப்போனது. பிறகு, "ஏனுங்கம்மா, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனா என்னென்னங்க கேப்பாங்க?" என்றாள்.

 அம்மா எழுந்து உள்ளே போய் முகம் கழுவி, சேலை மாற்றிக்கொண்டு வந்தாள்.

"எந்திரி கண்ணு. நானும் கூட வாரேன்" என்றாள்.

நான் வண்டி எடுக்கட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு அவளைப் பிடித்தபடி பஸ் ஸ்டாப் வரை நடந்தே போனாள். மதியம் போனவர்கள் இன்னும் வரவில்லை. உன் அண்ணி இரண்டு பேருக்கும் சேர்த்துச் சோறு ஆக்கி வைத்திருக்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மோகன்குமார்